நான் சொல்லாத ரெண்டு வரி

சன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்கிடுங்க அண்ணாச்சி. எனக்கு இந்தப் பக்கம்தான் தோது. எந்திரிக்கணும்னா சட்டுனு எந்திரிச்சிரலாம் பாருங்க. இல்ல இல்ல, வழியில எங்கயும் எறங்கல. நாகர்கோவில் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன். ஆனா ஒரே இடத்துல அடங்கி உக்கார நம்மால ஆகாது. கப்பல்ல கெடந்த ஒடம்பு. காலுக்குக் கீழ எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கணும்.

இதுவா? இது சேல. குளச்சல்ல ஒரு கூட்டாளி வீட்டுக்கு. கல்யாணப் பேப்பர் சுத்தியிருக்கேன்னு பாக்கியளோ? கடக்காரப் பய கேக்காமலே சுத்திட்டான். குளச்சல்ல ஒரு போட்டு எஞ்சின் மக்கர் பண்ணுதாம், அதப் பாக்கத்தான் போறேன். சிரிக்காதிய. பட்டுவேட்டி கட்டிக்கிட்டு எஞ்சின் பாக்கப் போறானேன்னுதான சிரிக்கிய? பொட்டியில மத்ததெல்லாம் கசங்கிக் கெடந்துச்சு, அதான்.

சரி, ஒளிக்கதுக்கு என்ன இருக்கு, சொல்லிர்றேன். போற வழியில உவரி தாண்டி சிலுவைத்துறைன்னு ஒரு ஊரு வரும். அது எங்க ஊரு. இன்னைக்கி அங்க எங்க அண்ணன் மகளுக்குக் கல்யாணம். கூடப் பொறந்த அண்ணன், இன்னாசின்னு பேரு. நான் போகல. ஏன் போவணும்? மதினிதான் போன் பண்ணுச்சு, "தம்பி, ரெஜினாவுக்கு நாள் குறிச்சாச்சு, வந்துருங்க"ன்னு. அண்ணன்லா வந்து கூப்பிடணும்? பத்திரிகையக் கையில புடிச்சிக்கிட்டு எம் படியேறி வந்து, "லே கஸ்மீரு, வாலே"ன்னு ஒரு வார்த்த சொல்லணுமா இல்லையா? ஊரு பூரா வீடு வீடா ஏறி எறங்குனவனுக்கு தூத்துக்குடிக்கு ஒரு பஸ் ஏறத் தெரியாதா? கூப்பிடாத வீட்டுக்கு மானமுள்ளவன் போவானா? நீங்களே சொல்லுங்க.

மணி என்ன ஆச்சு? அப்போ கோயில்ல பூச ஆரம்பிச்சிருக்கும். ஆரம்பிக்கட்டும், நமக்கென்ன.

இந்த டிரைவர் போட்டிருக்க பாட்டுல பிடில் இழுக்கான் பாருங்க, அது காதுல விழுந்தாலே எனக்கு இருப்புக் கொள்ளாது. ஏன்னு கேளுங்க. கிரீஸ் தேசம் கேள்விப்பட்டிருப்பிய. அங்க ஒரு தீவுல நான் ஒரு வருசத்துக்குக் கிட்டக் கெடந்தேன். தீவு பேரு உங்க வாயில நுழையாது, எனக்கே பாதிதான் நுழையும். நான் எஞ்சின் பிட்டரா இருந்த கப்பல அதோட மொதலாளி அங்கனயே விட்டுட்டு ஆளு காணாமப் போயிட்டான். மத்த ஆள்களக் கொஞ்சங் கொஞ்சமா ஊருக்கு அனுப்பினாவ. எஞ்சினப் பாத்துக்கிட ஒருத்தன் வேணும், ஊருக்கு விடுத பேப்பர் வரட்டும்னு என்ன மட்டும் நிறுத்திட்டாவ. சும்மா இருக்க முடியுமா? கரையில வாசில்னு ஒருத்தன் போட்டு ரிப்பேர்ப் பட்டற வச்சிருந்தான். அவங்கிட்டப் போயி ஒட்டிக்கிட்டேன். நல்ல மனுசன். எம் பேரு அவனுக்கு வரல, கோஸ்மான்னு கூப்பிடுவான். நானும் வேண்டாம்னு சொல்லல.

அந்த வாசில் வேல முடிஞ்சதும் கையக் கழுவிட்டு ஒரு வாத்தியத்த எடுத்து மடியில வச்சிக்கிடுவான். வீணைக்கு வயிறு ஊதின மாரி இருக்கும், கழுத்து நீளம். அதுல டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே இருப்பான். கேட்டா என்னமோ கொறையா இருக்கும். ஒரு நா நான் கேட்டேன், "ஏன்யா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"னு. அவன் மக இரினி, அது இங்கிலீசு பேசும், அது சொல்லுச்சு: "அப்பா வாசிக்கது பாதிதான். மேல வாசிக்க லீரா வேணும். லீரா மாமா வீட்டுல ஆணியில தொங்குது."

லீரான்னா சின்னப் பிடில் மாரி ஒண்ணு அண்ணாச்சி. மூணே தந்தி. தோள்ல வைக்க மாட்டாவ. முழங்கால்ல நிமித்தி வச்சி வில்லால இழுப்பாவ. வில்லுல குட்டிக் குட்டிச் சலங்கை கட்டியிருக்கும், அதுவே தாளமும் ஆச்சு. மெட்டு ரொம்பச் சின்னது. நாலு எட்டு எடுத்து வச்சா முடிஞ்சிரும், ஆனா முடியாது. முடியுத எடத்துல திரும்ப ஆரம்பிச்சிரும். சுத்திக்கிட்டே கெடக்கும், ஒரு எடத்துல நிக்கவே நிக்காது. நம்மள மாரிதான்னு வச்சிக்கிடுங்க.

அதுக்கு மேலதான் பாட்டு. பாட்டுன்னா எழுதி வச்சதில்ல. மேசயச் சுத்தி ஆம்பளைய உக்காந்திருப்பாவ. ஒருத்தன் மனசுல உள்ளத அந்த மெட்டுக்கு ரெண்டு வரியாக் கட்டிப் பாடுவான். கூட இருக்கவன்வ அத வாங்கித் திருப்பிப் பாடுவான்வ. யாரப் பாத்துப் பாடினானோ அவன் பதிலுக்கு ரெண்டு வரி கட்டியாகணும். வாயில சொல்ல முடியாததெல்லாம் அதுல சொல்லிக்கிடுவான்வ. கோவம், கடுப்பு, பிரிஞ்சி போன புள்ள, செத்துப் போன தாயி, எல்லாம். மீச வச்ச தடியன்வ பொலபொலன்னு அழுவான்வ. எனக்குப் பாக்க வெக்கமா இருக்கும். பேச வேண்டியத நேருக்கு நேரா பேசித் தொலைக்கலாம்லா? என்ன மனுசன்வளோ.

அந்த லீரா ஏன் தொங்குச்சுன்னா, அந்த மாமங்காரன் பேரு மிக்காலிஸ். வாசிலுக்குத் தங்கச்சி மாப்பிள்ள. ரெண்டு பேரும் சேந்து வாசிச்சா அந்தத் தீவே கெறங்கிப் போகுமாம். தங்கச்சி செத்துப் போச்சு. துக்க வீட்டுல வாத்தியம் தொடக்கூடாது. தந்தியத் தளத்தி ஆணியில மாட்டிருவாவ. அதோட மிக்காலிஸ் யாருகிட்டயும் பேச்ச விட்டுட்டான். வாசில்கிட்டயும். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல பத்துப் பதினஞ்சி வீடுதான். எதிர எதிர வந்தா ஒருத்தன் கடலப் பாப்பான், ஒருத்தன் மலையப் பாப்பான். எனக்குச் சிரிப்பா வரும். மச்சானும் மச்சானும் இப்படியா வருசக்கணக்கா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அலைவான்வ? அவ்வளவு வீம்பு என்னத்துக்குங்கேன்.

என்ன பாக்கிய? ஓ, எங்க அண்ணனையும் என்னையும் நினைக்கியளோ? அது வேற கத அண்ணாச்சி. அங்க சாவு வந்து பிரிச்சிது. இங்க அவன் எம் மூஞ்சியில கதவச் சாத்துனான். ரெண்டும் ஒண்ணா? சொல்லுதேன், வாரேன்.

திருச்செந்தூரு போயாச்சா? எப்ப போச்சு? இந்த வண்டிக்காரன் இன்னைக்கின்னு பறக்கான். மத்த நாள்ல எப்படி ஊந்துவான் தெரியுமா?

அந்த இரினிக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. அங்க பொண்ண வீட்டு வாசல்ல இருந்து லீரா வாசிச்சி, பாட்டுப் பாடித்தான் எறக்குவாவ. பக்கத்து ஊருல இருந்து வேற லீராக்காரனக் கொண்டாரலாம்னு வாசில் சொன்னான். இந்தப் புள்ள கேக்கல. "மாமா வில்லு எடுக்காம நான் இந்தப் படிய விட்டு எறங்க மாட்டேன், கல்யாணமே வேண்டாம்"னுட்டு. வாசில் பாவம், ரெண்டு நாளு பட்டறயில ஸ்பேனர எங்க வச்சோம்னு தெரியாம அலைஞ்சான். பெறவு ஒரு ஞாயித்துக்கெழம கோயில் விட்டு வந்ததும் கருப்புக் கோட்டு மாட்டிக்கிட்டான். இன்னும் நாலஞ்சி ஆள்களும் வந்தாவ. எங்கையில ஒரு தட்டக் குடுத்தாவ. ஒயினு, எள்ளும் தேனும் போட்ட பலகாரம். ஒரு வார்த்த கேக்காம வாங்கிக்கிட்டு நானும் பின்னால நடந்தேன். மிக்காலிஸ் வீட்டுக்குக் கூப்பிடப் போறோம்.

அந்த வாரம்தான் எங்க அண்ணன் போன் பண்ணினான். அம்மாவுக்குச் சொகமில்ல, ஒன்னக் கேட்டுக்கிட்டே இருக்கு, கெளம்பி வான்னு. பேப்பர் வரலண்ணேன்னு சொன்னேன். பேப்பர் வராம எப்படி வர முடியும்?

சரி, அத விடுங்க. மிக்காலிஸ் வாசலுக்கு வருவோம். வாசில் அந்த டொக்கு டொக்க ஆரம்பிச்சான். லீரா வர வேண்டிய எடத்துல சும்மா விட்டு விட்டுத் தட்டுதான். வெத்து நாக்காலியப் போட்டு வச்ச மாரி. பெறவு பாடினான். இரினி பின்னால எனக்கு அர்த்தம் சொல்லுச்சு:

"ஒனக்கு மட்டுமா அவ போனா, எனக்கும் கூடப் பொறந்தவ;
எம்மக படியில நிக்கா மச்சான், ஒன் வில்லுச் சத்தம் கேட்டிறங்க."

மத்தவன்வளும் வாங்கிப் பாடினான்வ. கதவு தொறந்துச்சு. கருப்புச் சட்ட, தாடி, ஒல்லியா மிக்காலிஸ் வந்து நின்னான். எல்லாரையும் ஒரு பார்வ பாத்தான். உள்ள போயி டமார்னு கதவச் சாத்திட்டான்.

எனக்கு மூஞ்சி செவந்து போச்சு. சரி, மரியாத முடிஞ்சுது, போவோம்னு நான் திரும்பிட்டேன். பாத்தா ஒருத்தனும் அசையல. எதுத்தாப்புல ஒரு குட்டச் செவரு, அதுல வரிசையா உக்காந்துட்டான்வ. ஒருத்தன் சிகரெட் பத்த வைக்கான். இன்னொருத்தன் செருப்பக் கழத்தி உள்ள கெடந்த கல்லத் தட்டுதான். வாசில் திரும்பவும் தட்ட ஆரம்பிச்சிட்டான். திரும்பவும் பாட்டு. திரும்பவும் கதவு தொறந்துச்சு, "என் வீட்டுல பாட்டு செத்துப் போச்சு, போங்க"ன்னு சொல்லிட்டு திரும்பவும் சாத்திட்டான். இவன்வ திரும்பவும் உக்காந்திருக்கான்வ! வெயிலு மண்டயப் பொளக்குது. தேன் பலகாரத்துல ஈ மொய்க்குது. தட்டப் புடிச்சி எங்கையி கடுக்குது. அக்கம்பக்கத்துப் பொம்பளைய மாடியில நின்னு பாக்காவ. சாத்துன கதவு முன்னால உக்காந்து பாட்டுப் பாடுதான்வ அண்ணாச்சி, சூடு சொரண இல்லாம! நம்ம ஊர்ல நடக்குமா இது?

என்னால தாங்க முடியல. தட்டக் கீழ வச்சிட்டு நேரா போயி அந்தக் கதவ ரெண்டு கையாலயும் அடிச்சேன். தமிழ்லதான் வந்துச்சு. "ஏ, வெளிய வாடா! எம் மொதலாளி ஒனக்கு மனுசனாத் தெரியலயா? நல்ல காரியத்துக்குக் கூப்பிட வந்தவன மூஞ்சியில அடிச்ச மாரி கதவச் சாத்துவியோ? நாங்க என்ன பிச்சைக்கா வந்தோம்? கெட நீ உள்ளயே! இனிமே எவன்டா ஒன் வாசல மிதிப்பான்?" இதுக்கு மேலயும் சொன்னேன், பஸ்ஸுல பொம்பளப் புள்ளைய இருக்கு, வேண்டாம்.

வாசில் தட்டுறத நிறுத்திட்டான். கதவு மெள்ளத் தொறந்துச்சு. மிக்காலிஸ் என்ன ஏற எறங்கப் பாத்தான். பெறவு என்னத் தாண்டி வாசிலப் பாத்து, "இவன் என்ன சொல்லுதான்?"னு கேட்டான். எத்தனையோ வருசம் கழிச்சி அவன் வாசில்கிட்ட நேராப் பேசுன மொத வார்த்த அதுதானாம்.

வாசிலுக்குத் தமிழ் தெரியுமா? ஒரு மண்ணும் தெரியாது. தெரியலன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா. அந்த மனுசன் திரும்பவும் தட்ட ஆரம்பிச்சான். நான் சொன்னேன்னு சொல்லி ரெண்டு வரி பாடினான் பாருங்க. தமிழ்ல அத நானே பல நாளு ஒக்காந்து யோசிச்சி யோசிச்சி இப்படிக் கட்டியிருக்கேன்:

"கடல்தாண்டி வந்தவன் சொல்லுதான், கேட்டுக்கோ மிக்காலி:
அடச்ச வீட்டுல ஆளிருக்கு, தொறந்து கெடந்தாத்தான் காலி."

நான் சொன்னது என்ன, அவன் பாடினது என்ன? நான் அப்படிச் சொல்லவே இல்ல அண்ணாச்சி! சத்தியமா சொல்லுதேன், மாதா மேல ஆணையா. நான் அவன வஞ்சேன். எவனும் ஒன் வாசல மிதிக்க மாட்டான்னு வஞ்சேன். இவன் என்னன்னா எந்தலையில ஒரு தத்துவத்தத் தூக்கி வச்சிட்டான். மத்த நாலு பேரும் அத வாங்கித் திருப்பிப் பாடுதான்வ. மாடியில நின்ன பொம்பளையளும் பாடுதாளுவ. மிக்காலிஸ் என்னையே பாத்துக்கிட்டு நின்னான். தாடியில தண்ணி எறங்குது. உள்ள போனான். போயிட்டான்னுதான் நெனச்சேன். ஆனா இந்தத் தடவ கதவு சாத்தல. ஆணியில இருந்து எறக்கின லீராவோட வந்து படியில உக்காந்துட்டான். தளந்து கெடந்த தந்திய ஒவ்வொண்ணா முறுக்குதான், காதுல வச்சிப் பாக்கான், முறுக்குதான். பெறவு வில்ல இழுத்தான் பாருங்க. அந்தச் சலங்கையெல்லாம் ஒண்ணுபோலக் கிலுங்குச்சு. வாசில் அது வரைக்கும் சும்மா விட்டு விட்டுத் தட்டுன எடத்துல எல்லாம் அது போயி உக்காந்துச்சு. சந்தோசமா சங்கடமான்னு சொல்லத் தெரியல. அழுதுட்டேன். வெயில்ல கண்ணு கூசுச்சு, அதனாலயும் இருக்கும்.

இரினிதான் பெறவு சொல்லுச்சு. அது அந்த ஊரு மொறயாம். துக்க வீட்டுல கூப்பிடப் போனா, அவன் கதவச் சாத்தத்தான் செய்வான். கூப்பிட்ட ஒடனே எந்திரிச்சி வந்துட்டா செத்தவளுக்கு என்ன மரியாத? அவன் சாத்தணும், இவுக ஒக்காரணும். எவ்வளவு நேரமானாலும் ஒக்காரணும். மொதத் தடவ சாத்தினதும் எந்திரிச்சிப் போயிட்டாவன்னா, அந்த வீட்டுக்குக் கதவு சாத்தினது சாத்தினதுதான். அவனா தொறந்துக்கிட்டு வர மாட்டான், வரவும் கூடாது. "நல்லவேள கோஸ்மா, எல்லாரும் ஒன்ன மாரித் திரும்பியிருந்தா மாமா உள்ளயே செத்திருப்பார்"ன்னு சொல்லுச்சு. என்னயக் கிண்டல் பண்ணுதாளாம். எனக்கென்ன தெரியும் அவன்வ மொற? கதவச் சாத்தினா போன்னு அர்த்தம். ஒலகம் முழுக்க அதான் அர்த்தம்.

கண்டக்டர் தம்பி, உவரி வந்துருச்சா? இல்லயா? சும்மா கேட்டேன், சும்மா கேட்டேன்.

அன்னையில இருந்து அந்தத் தீவுல எனக்குப் பேரு என்னன்னா, "கதவுக்காரன்". டீக்கடைக்குப் போனா பாடுதான், எண்ண வாங்கப் போனா பாடுதான். அடச்ச வீட்டுல ஆளிருக்கு, கோஸ்மா சொன்னான், கோஸ்மா சொன்னான்னு. நான் சொல்லலடேன்னு எத்தன பேருகிட்டச் சொல்லுவேன்? இன்னமும் பாடிக்கிட்டுத்தான் இருப்பான்வ. ஒரு மனுசன் சொல்லாததச் சொன்னதா ஊரு முழுக்கப் பாடுனா அவனுக்கு எப்படி இருக்கும்? அது ஒரு வயித்தெரிச்சல் எனக்கு. சொல்லுததுக்கு ஆளில்லாமத்தான் உங்ககிட்டச் சொல்லுதேன்.

கல்யாணம் ஜாமு ஜாமுன்னு நடந்துச்சு. மிக்காலிஸ் வாசிக்க, வாசில் தட்ட, இரினி படியில இருந்து எறங்குச்சு. மத்தியானம் பெரிய மேச. என்னையும் நடுவுல உக்கார வச்சிட்டாவ. மிக்காலிஸ் என்னப் பாத்து ரெண்டு வரி பாடிட்டான். பதில் கட்டலன்னா அவனுக்கு அவமானம். எனக்கு என்ன தெரியும்? வல இழுக்கையில எங்கய்யா பாடுத அம்பாதான் தெரியும். அத எடுத்து விட்டேன். ஒரு அடி நான் போட, "ஏலேலோ"ன்னு மேச முழுக்கத் திருப்பிச் சொல்லுது. அந்த மெட்டுக்கு லீராவ வளச்சிக் கொண்டாந்துட்டான் மிக்காலிஸ். அடேயப்பா. அப்படி ஒரு நாள நான் வாழ்க்கையில பாத்ததில்ல. ஒரு பய அத வீடியோ புடிச்சி எனக்கு அனுப்பினான்.

என்ன கேக்கிய? பேப்பரா? பேப்பர் எப்ப வந்துச்சின்னா... அது வந்துருச்சு. கல்யாணத்துக்கு முந்தின வாரம் வந்துருச்சு. ஆமா, கையிலதான் இருந்துச்சு. அதுக்கென்ன? வாசில் மகளுக்குக் கல்யாணத்த வச்சிக்கிட்டு, அந்தத் தட்டத் தூக்கின நான் எப்படிக் கெளம்பி வர முடியும்? ஒரு வாரம்தான. அம்மாவுக்கு அப்பப்ப அப்படித்தான் வரும், போகும். எனக்கென்ன சோசியமா தெரியும்?

நான் மேசயில பாடிக்கிட்டு இருக்கையில பேண்ட் பைக்குள்ள போன் அடிச்சிருக்கு. அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும், நீங்களே சொல்லுங்க. நான் ரூமுக்கு வந்து போன எடுத்ததும் என்ன செஞ்சேன், அந்த வீடியோவ எங்க குடும்பக் குரூப்புல போட்டேன். அம்மா பாத்தா சந்தோசப்படுமேன்னு போட்டேன். எம் மவன் வெள்ளக்காரன்வ நடுவுல அம்பா பாடுதான்னு ஊரு பூராச் சொல்லும்லா. போட்ட பெறவுதான் அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்ததெல்லாம் கண்ணுல பட்டுச்சு. அங்க அம்மாவக் குளிப்பாட்டி வாசல்ல கெடத்தியிருந்தாவளாம். அண்ணன் கையில அந்த வீடியோ ஓடியிருக்கு.

வீடியோ அனுப்பினது ஒரு குத்தமா அண்ணாச்சி? தெரிஞ்சா போடுவனா?

கெடச்ச பிளைட்டப் புடிச்சி ஓடி வந்தேன். அடக்கம் முடிஞ்சிருந்துச்சு. எங்கம்மாவுக்கு ஒரு புடி மண்ணு போடல நான். வாசல்ல போயி பொட்டியோட நிக்கேன். அண்ணன் வந்தான். மொட்ட போட்டிருந்தான். "பாடி முடிச்சிட்டியா?"ன்னான். அவ்வளவுதான். கதவச் சாத்திட்டான். தெருவே பாக்குது. அங்க நிக்க முடியுமா? எனக்கும் ரோசம் இருக்குலா. பொட்டியத் திருப்பித் தூக்கினேன், அடுத்த பஸ்ஸப் புடிச்சேன். அதோட சரி. அஞ்சாறு வருசம் ஆச்சு. அவன் இந்தப் பக்கம் வரல, நான் அந்தப் பக்கம் போகல.

மதினி போன்ல ஒண்ணு சொல்லுச்சு. "அன்னைக்கி நீங்க போன பெறவும் உங்கண்ணன் கதவுக்குப் பின்னால தாழ்ப்பாளப் புடிச்சிக்கிட்டே நின்னாவ தம்பி. சாப்பிடக் கூப்பிட்டும் வரல. தெருவுல ஆட்டோச் சத்தம் கேட்டா காதத் தீட்டிக்கிட்டு நிப்பாவ"ன்னு. நம்ம மனசு ஆறணும்னு பொம்பளைய இப்படித்தான் சொல்லுவாவ. தாழ்ப்பாளச் சரியாப் போடத்தான் புடிச்சிருப்பான். கதவுக்குப் பின்னால நிக்கவன் கதவத் தொறந்திருக்கலாம்லா?

என்ன, சன்னலுக்கு வெளிய பாக்கிய? தொறந்திருக்கலாம்லான்னு கேக்கேன்.

ஒரு மொறைக்கு அவன் துக்க வீட்டுக்காரன். அது எனக்குத் தெரியும். எனக்கும் அம்மாதான். ஆனா அவன்தான் கடைசி வரைக்கும் கூட இருந்து கஞ்சி ஊத்துனவன். அவனுக்குச் சாத்தத் தோணியிருக்கும். சரி, சாத்தினான்னே வச்சிக்கிடுவோம். எதுத்தாப்புல செவரு இருந்துச்சு. மேரி அக்கா வீட்டுச் செவரு, குட்டச் செவருதான். சின்னதுல நாங்க ரெண்டு பேரும் அதுல உக்காந்துதான் கொடுக்காப்புளி திம்போம். அதுல யாரும்... இல்ல, நான் சொல்ல வந்தது அது இல்ல. நான் எதுக்கு ஒக்காரணும்?

இது என்ன சத்தம்? மைக் செட்டா? கோயில் மணியும் அடிக்கான் பாருங்க. தாலி கட்டியாச்சு போலுக்கு. சிலுவைத்துறை வந்துருச்சா? உவரி எப்ப போச்சு? நான் பேசிக்கிட்டே வந்ததுல பாக்கலயே. ரெஜினாப் புள்ளைக்கு எட்டு வயசுல நான் கப்பல்ல இருந்து ஒரு பொம்ம கொண்டாந்து குடுத்தேன். தூங்கையில அதுக்கும் சேத்துப் போர்வ போத்தும். கோயில விட்டு வீட்டுக்குள்ள வரையில சித்தப்பன் நிக்கானான்னு பாக்கும்லா. பாக்காதா?

தம்பி, கண்டக்டர் தம்பி, நில்லு, விசில ஊதிறாத. ஆமா, நாகர்கோவில் டிக்கெட்டுதான். இருக்கட்டும்.

அந்தச் சேலப் பையக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க அண்ணாச்சி. வேட்டி பின்னால கசங்கியிருக்கா? என்னப் பாத்ததும் அவன் எந்திரிச்சி உள்ள போயி கதவச் சாத்தத்தான் செய்வான், எனக்கு அவனத் தெரியும். வேல வெட்டியத்த பயலுவ எல்லாம் பந்தலுக்குள்ள உக்காந்து வேடிக்க பாப்பான்வ. பாக்கட்டும். மேரி அக்கா செவருல போயி உக்காந்துருவேன். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும்.

சாத்துனா என்ன அண்ணாச்சி? அடச்ச வீட்டுலதான ஆளிருக்கும். அது நான் சொன்னதுதான். அந்தத் தீவுல போயி யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, கோஸ்மா சொன்னான்னுதான் சொல்லுவாவ.